உடும்பின் கடைவாய்ப் பல்

உடும்பு என்று சொன்னால்தான் அந்த மெக்கானிக்கை எல்லோருக்கும் தெரியும். துருப்பிடித்த போல்ட்டானாலும் சரி, வாய்த்தகராறானாலும் சரி, பிடித்தால் விடமாட்டார். டீசல் இன்ஜினைக் குடல் உருவிப் போடுகிற மனிதருக்கு ஊசியைக் கண்டால் மட்டும் தொடை நடுங்கும். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு வருஷமாக இடது பக்கமே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடம் வேனைக் கொண்டுவந்தவரோ பல் டாக்டர். வேனுக்குள்ளேயே நாற்காலி போட்டு, தெருத்தெருவாகப் போய் வைத்தியம் பார்ப்பவர். ஸ்டார்ட் செய்தாலே இன்ஜினுக்குள் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி சத்தம்.

“டைமிங் செயின் தேஞ்சு நீண்டுபோச்சு டாக்டர். ஒரு பல் தள்ளிப்போயிருக்கு.”

“எந்தப் பல்லு?” என்று டாக்டர் தன்னையறியாமல் டார்ச்சை எடுத்தார்.

உடும்பு புதுச் செயினை மாட்டினார். கீழே கிராங்க் சக்கரத்திலும் மேலே கேம் சக்கரத்திலும் உள்ள புள்ளிகள், செயினில் நிறம் பூசிய கண்ணிகளுக்கு நேராக நிற்க வேண்டும். நின்றதும் லாக் பின் என்கிற இரும்புக் கம்பியைச் செருகிவிட்டால் கேம் ஆடாது. செருகாவிட்டால் வால்வு ஸ்பிரிங்குகள் அதைச் சுண்டிவிட்டு, செய்த வேலையெல்லாம் பாழ். கேமில் மாட்டிய ஸ்பானரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, புள்ளிகளை நேர்ப்படுத்திவிட்டு, “பின்னைக் குடுங்க மச்சான்” என்றார்.

மனைவியின் அண்ணனும் பட்டறையில் கூட வேலை பார்ப்பவருமான மச்சான் தலையைச் சொறிந்தார்.

“அது உங்க வீட்டு பாத்ரூம் கதவுல இருக்கு மாப்ள. தாழ்ப்பாள் உடைஞ்சுபோச்சுன்னு தங்கச்சி சொன்னா. செருகிப் பாத்தேன், அளவு கச்சிதமா இருந்துச்சு.”

“நாசமாப் போச்சு! ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க!”

மச்சான் திரும்பி வந்தபோது முன்னால் அவர் தங்கை வந்தாள். குளித்துக்கொண்டிருந்தவளைக் கதவைத் தட்டி வெளியே வரவழைத்திருக்கிறார். ஈரத் தலை, கையில் பின், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இரண்டு கையும் சிக்கி நிற்கும் புருஷனைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

“டாக்டர், இவருக்குக் கடைவாய்ப் பல்லு சொத்தை. ஆளு இப்ப ஓட முடியாது. எடுத்துடுங்க.”

“அடியே, பின்னைக் குடுடி!”

“பல்லு வரட்டும், பின்னு வரும்.”

“நோயாளி சம்மதிக்கணுமேம்மா” என்று டாக்டர் தயங்கினார். “சரி, கையை விட்டுட்டு ஓடினார்னா சம்மதம் இல்லைன்னு வச்சுக்கறேன்.”

உடும்பு புள்ளிகளைப் பார்த்தார். டாக்டர் வேனிலிருந்து எடுத்த ஊசியைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார், மணிக்கட்டு மட்டும் அசையவில்லை. “அம்மா!” என்று இன்ஜினுக்குள் ஓர் அலறல். பல் வந்துவிட்டது.

பின்னை வாங்கிக்கொண்டு மச்சான் துளையைத் தேடினார். உடும்புக்கு நாக்கு மரத்துப்போயிருந்தது.

“ஈயே... இஞ்ஞும் ஈயே...”

“என்னம்மா சொல்றார்?”

“இன்னும் கீழேங்கறார் அண்ணா. நடுநடுவே உன்னைத் திட்டுறார், அது உனக்கு வேண்டாம்.”

பின் இறங்கியது. ஸ்பானரிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக மனைவிதான் பிரித்து எடுத்தாள். செயினை இறுக்கும் டென்ஷனரை விடுவித்து, பின்னை உருவி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். புள்ளிகள் அச்சாக நேருக்கு நேர் வந்து நின்றன. மூடிகளை மாட்டி ஆயில் ஊற்றியதும், ஆயில் மூடியைத் திருகுவதற்குள் மச்சான் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பிவிட்டார். இன்ஜின் பூனை மாதிரி உறுமியது.

பெருமை தாங்காமல் உடும்பு வாயைத் திறந்து சிரித்தார். பல் இருந்த இடத்தில் டாக்டர் வைத்த பஞ்சு துள்ளி, ஆயில் ஊற்றும் துளைக்குள் விழுந்தது.

இன்ஜினை அணைத்தார்கள். டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நீளமான இடுக்கியோடு குனிந்தார்.

“பயப்படாதீங்க, வலிக்காது” என்றார் பழக்கதோஷத்தில்.

இன்ஜினிடம் சொன்னாரா வேறு யாரிடமாவது சொன்னாரா என்று தெரியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உடும்புதான் தலையை ஆட்டினார்.