இடது ஆள்காட்டி விரல்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு வேலை. அனுப்பிய ஆள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாளா என்று போய்ப் பார்க்க வேண்டும். சங்கரன்கோவிலில் இருந்து ஒரு நாள் புளியங்குடி, ஒரு நாள் கரிவலம்வந்தநல்லூர் என்று ஸ்கூட்டியில் சுற்றுவேன். சொல்லாமல்தான் போவேன். சொல்லிவிட்டுப் போனால் எல்லா வீடும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். இருபது வருடம் நர்சாக இருந்தவள் என்பதால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருப்பவருக்குப் படுக்கைப்புண் இருக்கிறதா என்று வாடையை வைத்துச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

கையில் நாலு பக்கப் படிவம் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா, மருந்து நேரத்துக்குப் போகிறதா, தரை வழுக்குகிறதா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி, இல்லை என்று இரண்டு கட்டங்கள். அந்தப் படிவத்தில் கட்டிலின் மேல் இருக்கிற எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு. கட்டிலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்த வீடு சங்கரன்கோவிலிலேயே, விசைத்தறிகள் நிறைந்த தெருவில் இருந்தது. இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டே இருக்கும். பேச வேண்டும் என்றால் கொஞ்சம் கத்த வேண்டும். நோயாளி எழுபது தாண்டியவர், ஒரு காலத்தில் லாரி வைத்து ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, உடம்பும் போய்விட்டது. கண்ணும் இடது கை ஆள்காட்டி விரலும்தான் பாக்கி. மனைவி இல்லை. ஒரே மகன் வெளிநாட்டில். அவன் கட்டிலுக்கு மேலே சுவரில் கேமரா மாட்டியிருந்தான். அதில் ஸ்பீக்கரும் உண்டு. திடீரென்று சுவரிலிருந்து "அக்கா, அப்பாவுக்கு ஜூஸ் கொடுத்தாச்சா?" என்று குரல் வரும். முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பார்த்துக்கொண்டவள் கரிவலம்வந்தநல்லூர்க்காரி. நாற்பது வயது இருக்கும். கெட்டிக்காரி. மருந்து எழுதும் நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அவர் முதுகைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு சிவப்புக்கூட இல்லை. குறை கண்டுபிடிக்க முடியாமல் எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். கட்டிலின் ஓரச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. கண் என் முகத்திலேயே இருந்தது.

"என்னட்டி இது, எப்பவும் இப்படியா?"

"பத்து நாளா இப்படித்தான்க்கா செய்யுதாவ. முந்தி இந்த விரலு அசையவே அசையாது."

எனக்குச் சந்தோஷம். படிவத்தில் எழுதினேன்: 'இடது ஆள்காட்டி விரலில் அசைவு. நல்ல முன்னேற்றம்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் போனபோது கட்டிலைச் சுற்றித் தரை வரைக்கும் ஒரு பழைய சேலையைத் திரை மாதிரி கட்டியிருந்தாள். அறையில் டெட்டால் வாடையோடு மஞ்சள் வாடையும் லேசாகச் சாம்பிராணி வாடையும் வந்தது. என் மூக்கு சும்மா இருக்குமா?

"என்ன, வீட்டுக்குள்ள கோயில் கட்டியிருக்கியா?" என்று கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "கொசு வருதுக்கா, அதான்" என்றாள். போகும்போது உள்ளங்காலில் நறநறவென்று ஏதோ ஒட்டியது. சிவப்பு மண், மாவு மாதிரி. பெருக்கவில்லை போலிருக்கிறது என்று 'தரை சுத்தம்' என்ற இடத்தில் 'இல்லை' போட்டேன். ஒரு குறை கிடைத்த நிம்மதியோடு வெளியே வந்தேன். பின்னாலேயே அந்த மூன்று தட்டு, மறுபடி மூன்று தட்டு.

மூன்றாவது தடவை போனது ஒரு திங்கட்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று பகலில் கரண்ட் கிடையாது. தெருவுக்குள் நுழையும்போதே என்னவோ போல் இருந்தது. தறி ஒன்றுகூட ஓடவில்லை. அந்தத் தெருவை அமைதியாக நான் பார்த்ததே இல்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. உள்ளே கேமராவின் பச்சை விளக்கும் அணைந்திருந்தது.

நாடி பார்க்க அவர் பக்கத்தில் குனிந்தேன். அப்போது கேட்டது. கறகறவென்று ரொம்பச் சின்னச் சத்தம். நின்றது. மறுபடி வந்தது. அவர் நெஞ்சிலிருந்து வருகிறதோ என்று ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். நெஞ்சு சுத்தமாக இருந்தது. காதிலிருந்து எடுத்த பிறகும் சத்தம் இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் என் காதை வைத்தேன். சத்தம் கட்டிலுக்குள்ளிருந்து வந்தது. அவர் முகம் என் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தட்டியது.

நான் சேலையை விலக்கினேன்.

கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரை பிளந்து, அதிலிருந்து ஒரு புற்று எழும்பியிருந்தது. ஈரம் காயாத சிவப்பு மண், மூன்று முனை. அவருடைய முதுகுக்கு நேர் கீழே. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது. நடு முனை வளர்ந்து கட்டில் பலகையைத் தொட்டு, பலகையோடு ஒட்டிப் போயிருந்தது.

வெளியூர்க்காரி என்றால் கத்தியிருப்பாள். நான் இந்த ஊரில் பிறந்தவள். இங்கே கோயிலில் புற்று மண்ணைத்தான் நெற்றியில் இட்டுக்கொள்கிறோம், கட்டி வந்தால் குழைத்துப் பூசுகிறோம். எனக்கு முதலில் கை குவிந்தது. கறையான் என்ற நினைப்பே பிறகுதான் வந்தது.

"எத்தனை நாளாட்டி?"

"மழைக்குப் பொறவுக்கா. சொன்னா வெளிநாட்டுல இருக்க தம்பி ஆள விட்டு இடிச்சிருவாவ. அம்மன் தானா வந்து உக்காந்திருக்கா. இவ்வளவு நாளு ஐயாவுக்கு ஒரு புண்ணு வந்திருக்கா, நீங்களே சொல்லுங்க?"

புண் வராததற்குக் காரணம் இவள் ராத்திரி பகலாகப் புரட்டிப் போட்டது. அது இவளுக்கே தெரியவில்லை. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். கட்டிலை உடனே நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தினால் புற்று உடையும். உடைக்கிற கை என் கையாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நான் பயந்தேன்.

"வெள்ளிக்கிழமை பூசாரியக் கூட்டியாந்து, பால் ஊத்தி உத்தரவு வாங்கிட்டு நகட்டுவோம்க்கா. நாலு நாளுதான."

"நாலு நாள் தாங்குமா?"

"அம்மன்கிட்டயே கேப்போம். பூக்கட்டிப் பாப்போம்."

கோயிலில் செய்வதுதான். சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் இன்றைக்கே நகர்த்துவது, வெள்ளை வந்தால் வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தோம். கொல்லையில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்து வந்தாள். எடுக்க யாரைச் சொல்வது? மனசில் கள்ளம் இல்லாதவர் எடுக்க வேண்டும் என்பார்கள். அவள் சொன்னாள், "ஐயாவே எடுக்கட்டும்."

இரண்டு பொட்டலத்தையும் அவர் இடது கைப் பக்கம், ஓரச் சட்டத்தின் மேல் வைத்தோம். விரல் நின்றது. என்னைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு விரல் எழும்பி, கைக்கு அருகில் இருந்த பொட்டலத்தின் மேல் விழுந்தது. மூன்று தட்டு.

பிரித்தோம். வெள்ளை.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். உத்தரவு வந்த பிறகு அதை யார் பார்த்தது? படிவத்தை எடுத்து, 'கட்டிலும் அறையும் பாதுகாப்பாக உள்ளன' என்ற வரிக்கு நேரே 'சரி' போட்டேன். நான் கிளம்பும்போது கரண்ட் வந்தது. கேமரா கண்ணில் பச்சை எரிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின, அந்தச் சின்னச் சத்தம் அதில் முங்கிப் போனது. கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, தலை தரையில் படும்படி இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் கட்டில் உட்கார்ந்தது. அவரைப் புரட்ட அவள் முழங்காலை ஊன்றியிருக்கிறாள், அவ்வளவுதான். மேலே பெயிண்ட் அப்படியே இருக்க, உள்ளே மரமே இல்லை. தறிக்காரர்கள் ஓடி வந்து தூக்கும்போது அவர் புற்றுக்குள் கிடந்தாராம். வாயெல்லாம் மண், மண்ணெல்லாம் கறையான். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள்.

உயிர் பிழைத்தார். அவளை ஏஜென்சி அன்றைக்கே நிறுத்திவிட்டது. திரை கட்டி மறைத்தது அவள்தானே. என்னுடைய படிவம் சுத்தமாக இருந்ததால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூக்கட்டியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் வீடு திரும்பியதும் ஆய்வுக்குப் போனேன். புதுத் தரை, இரும்புக் கட்டில், புது ஆள். அவர் கையை இரும்புச் சட்டத்தின் மேல் எடுத்து வைத்தேன். விரல் அசையவில்லை. காத்திருந்தேன். "தட்டுங்க அண்ணாச்சி" என்றேன், தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண் மட்டும் என் மேல் இருந்தது.

பத்து நாளாக, அப்புறம் ஒரு மாதமாக, அப்புறம் இன்னொரு மாதமாக, தன்னை ஏந்திய மரத்தைத் தின்னும் சத்தத்தைத் தலைக்கு அடியில் கேட்டுக்கொண்டு கிடந்தவர் அவர் ஒருவர்தான். எங்களிடம் சொன்னார். நாங்கள் முதலில் அதை முன்னேற்றம் என்றோம், பிறகு உத்தரவு என்றோம்.

தலைக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"அக்கா, நீங்கதானா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்." மகன் குரல். "பழைய வீடியோ எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை, நீங்க கிளம்பறப்போ, கீழ விழுந்து எங்க அப்பாவக் கும்பிட்டீங்கல்ல? கூடப் பொறந்தவங்ககூட அப்படிச் செய்ய மாட்டாங்கக்கா. ரொம்ப நன்றி."

நான் கேமராவைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். நான் எதைக் கும்பிட்டேன் என்று தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.