தடியனோடு ஒரு நடை

காவல் நாய் பழக்குவதிலேயே பாதி ஆயுளைக் கழித்த அவருக்குக் கிடங்கில் உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் உடும்பு. நாயின் கழுத்து வார் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் தோள்பட்டை கழன்றாலும் விடமாட்டார். இரண்டு முன்னங்கைகளிலும் பல் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் பழக்கும் முறை எளியது. வார் இறுகியிருக்கும் வரை நாய் சும்மா இருக்க வேண்டும். வார் தளர்ந்தால் எதிரே நிற்பதைப் பாய்ந்து கவ்வ வேண்டும். "போதும்" என்றதும் வாயைத் திறந்து, அந்த இடத்திலேயே உட்கார வேண்டும்.

அவர் பழக்கியவற்றில் பெரியது தடியன். போன மாதம் அது ஒரு லாரி டிரைவரின் தொடைச் சதையைக் கிழித்துவிட்டது. உடும்பு நகராட்சி அதிகாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இன்னொரு கடி, மனுஷனோ மாடோ, புகார் வந்தா மறுநாளே கொல்ற ஊசிதான்," என்று சொல்லித்தான் அதிகாரி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகள், மச்சினன் எல்லாரும் நடக்கக் கிளம்பினார்கள். தடியனைத் தனியே விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை.

"காத்து வாங்கத்தானே வந்தோம் மாமா? ஏதோ கைதியை ஊர்வலம் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு," என்றான் மச்சினன்.

"உன்னைவிட அடக்கமாத்தான் வரான்."

"அடக்கமா? அக்கா, அது என் கெண்டைக்காலையே பாக்குது."

"உன் கால்ல வெறும் எலும்புடா. அதுக்கும் ஒரு தரம் வேண்டாமா?" என்றாள் மனைவி. மகள் குலுங்கிச் சிரித்தாள்.

கல்சுவர் வைத்த வைக்கோல் கொட்டகையைக் கடந்தார்கள். எலி ஏறாமலிருக்கக் குட்டைக் கல்தூண்கள் மேல் நின்ற தானியக் களஞ்சியத்தையும், பால் வாடை வீசிய தகரக் கொட்டகையையும் கடந்தார்கள். பாதை ஒரு கம்பிக் கதவைத் தாண்டிப் புல்வெளிக்குள் போயிற்று. பசுக்கள் கன்றுகளோடு படுத்திருந்தன. பார்க்கப் பரம சாதுக்கள்.

பாதி வெளி வந்தபோது முதலில் ஒரு செம்பசு எழுந்தது. அதன் கண் மனிதர்கள் மேல் இல்லை, தடியன் மேல். அது தலையைத் தாழ்த்தி ஓடி வந்தது.

"கதவுக்கு ஓடுங்க!" என்று கத்தினார் உடும்பு.

மூவரும் ஓடினார்கள். அவர் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்வாங்கினார். பசு நாயை நோக்கித்தான் வந்தது. குறுக்கே அவர் இருந்தார். நெற்றி நெஞ்சில் இடித்தபோது காய்ந்த சுள்ளி முறிவதுபோல உள்ளே ஏதோ முறிந்தது. விழுந்தவரைக் கொம்பு புரட்டியது. ஒரு குளம்பு தொடையில் இறங்கியது, இன்னொன்று காதை உரசி மண்ணைக் கிளறியது.

"நாயை விடுங்க! விட்டுத் தொலைங்க!" கதவுக்கு அப்பாலிருந்து மனைவி அலறினாள்.

ஊரில் மற்ற நாய்களை விட்டால் பிழைக்க ஓடும். தடியன் ஓடாது, பாயும். பாய்ந்தால் கடி, கடித்தால் ஊசி. அவர் விடவில்லை. பசு மறுபடி குத்தியது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது.

அப்போதுதான் மகள் கதவேறிக் குதித்து, "அப்பா!" என்று கத்திக்கொண்டு அவரை நோக்கி ஓடி வந்தாள். பசு தலையை அந்தப் பக்கம் திருப்பியது.

உடும்பு கையை உதறி வாரை விட்டார்.

தடியன் எகிறிப் பசுவின் மூக்கைக் கவ்வியது. பசு அலறியபடி சுழன்றது. தூக்கி உதறியும் நாய் விடவில்லை. மச்சினன் உள்ளே பாய்ந்து பெண்ணை இடுப்போடு அள்ளிக்கொண்டு ஓடினான். கொட்டகைப் பக்கத்திலிருந்து பண்ணைக்காரர் கழியோடு ஓடிவருவதை உடும்பு பார்த்தார். மூக்கு கிழியும் முன் நிறுத்திவிட்டால் புகார் வராமல் போகலாம். அந்த ஒரு நினைப்புதான் அவருக்கு ஓடியது. நொறுங்கிய நெஞ்சிலிருந்து மூச்சைத் திரட்டினார்.

"போதும்!"

தடியன் வாயைத் திறந்தது. அந்த இடத்திலேயே, பசுவின் முகத்துக்கு நேராக, நிமிர்ந்து உட்கார்ந்தது. காதுகள் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

பசு ஒரு முறைதான் குத்தியது. அதற்குள் மற்ற மாடுகளும் வந்துவிட்டன.

பண்ணைக்காரர் அவற்றை விரட்டி முடிக்கும்போது அங்கே நாய் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. அவர் உடும்பின் தலையை மடியில் தாங்கினார். "மாட்டுக்கு மூக்குல சின்னக் கீறல்தாங்க. அது கிடக்கட்டும். நீங்க அசையாம இருங்க," என்றார்.

மச்சினனின் பிடியிலிருந்து நழுவிய மகள் வந்து குனிந்தாள்.

"அது ஜெயிச்சுட்டு இருந்துச்சுப்பா. நீ ஏன் போதும்னு சொன்ன?"

அவர் வாயைத் திறந்தார். இரத்தம்தான் வந்தது. மனைவி முந்தானையால் அதைத் துடைத்தபடி, "பேசாதீங்க, பேசாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.