நிறம் திரும்பிய குடுவை

கடவுள் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால் கமலவேணியால் உடனே பதில் சொல்ல முடியாது. பல்கலைக்கழக விடுதியில் இதைப் பற்றித் தோழிகளோடு காப்பி ஆறிப்போகும்வரை வாதாடியிருக்கிறாள். எந்தப் பக்கம் பேசினாலும் பாதியில் தன் பேச்சின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் வழியிலிருந்த காஜா பேராங் மாரியம்மன் கோயிலைத் தாண்டிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. சைக்கிளை நிறுத்தி உள்ளே போனாள். பூசாரி கொடுத்த விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, மிச்சத்தைத் தாளில் மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவள் பொறுப்பில் நடக்கும் முதல் செய்முறைத் தேர்வு அன்று. பயமாக இருந்தது.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளைக்கார ஆசிரியைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக் கொண்டிருந்தார்கள். அப்படிக் காலியான ஓர் இடத்துக்குத்தான் கமலவேணி அந்தப் பெண்கள் பள்ளியில் ரசாயனம் நடத்த வந்திருந்தாள். அப்பா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். யாராவது "பட்டதாரி டீச்சர்" என்று கூப்பிட்டால் அவள் ஒரு கணம் தாமதித்தே திரும்புவாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும்.

செய்முறைத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. மாணவிகளுக்கு முன்பே ஆசிரியை அதே கரைசல்களை வைத்துச் செய்து பார்க்க வேண்டும். அவளுக்குக் கிடைக்கிற அளவை வைத்துத்தான் மற்றவர்களின் அளவு சரியா, தவறா என்று மதிப்பெண் போடுவார்கள். அன்றைய சோதனை எளிது. குடுவையில் நிறங்காட்டி கலந்த சோடா உப்புக் கரைசல் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மேலே நிற்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் மாறி இளஞ்சிவப்பு நிலைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு அமிலம் செலவானது என்பதுதான் விடை.

கமலவேணி குடுவையின் மேல் குனிந்து சொட்டுகளை எண்ணாத குறையாக விட்டாள். இளஞ்சிவப்பு வந்தது. நிறுத்தினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைத்து இன்னும் சில சொட்டு விட்டாள். மறுபடி திரும்பியது. கடைசியில் நிறம் நிலைத்தபோது அளவு இருபத்தாறு. மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும் என்று வகுப்பில் ஓயாமல் சொல்கிறவள் அவள்தான். இரண்டாவது முறை தொடங்குவதற்குள் அறிவியல் பகுதித் தலைவர் ராஜரத்தினம் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், பிள்ளைங்க வரிசையில நிக்கிறாங்க லா. உங்க நம்பர் என்ன?"

கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். அவர் குறித்துக்கொண்டார். அவள் காய்ந்த துணியால் பலகையைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

தேர்வு முடிந்து தாள்களைப் பார்த்தபோது ராஜரத்தினத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா, எல்லாருக்கும் இருபத்தாறு! நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஒரே ஒரு பிள்ளதான் கோட்ட விட்டுட்டா. ரஹீமோட மக. இருபத்து நாலரைன்னு எழுதியிருக்கா. வெட்டிட்டா வேல முடிஞ்சிச்சு."

கமலவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவள் பார்த்தவரை உண்மையான அளவுகள் இத்தனை ஒழுங்காக வந்ததே இல்லை. ஒருத்தி ஒரு சொட்டு கூடுதலாக விடுவாள், இன்னொருத்தி குறைத்து விடுவாள். அதோடு, வெட்டப்போவது நூர்ஜஹானின் விடை. அவள் அப்பா ரஹீம் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறவர். போன மாதம்தான் பள்ளிக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். "பள்ளிக்கூடமே ஆறாம் படிவத்துக்கு அனுப்பச் சொன்னா அனுப்புறேன், டீச்சரம்மா. பேரு வரலன்னா நிக்காஹ் பேசி வச்ச இடம் இருக்கு. அவுங்களயும் காக்க வைக்க முடியாது." பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அந்த ஆறாம் படிவத்துக்கு, இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான் பள்ளி பெயர்களை அனுப்பும்.

கமலவேணி நூர்ஜஹானை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினாள்.

"எத்தன தடவ செஞ்ச?"

"மூணு தடவ, டீச்சர். மூணும் கிட்டக் கிட்டத்தான் வந்திச்சு."

"மத்தவங்களுக்கு எல்லாம் இருபத்தாறு வந்திருக்கே?"

நூர்ஜஹான் கரும்பலகையைப் பார்த்தாள். கமலவேணியும் திரும்பிப் பார்த்தாள். சன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில், துடைத்த தடத்துக்கு அடியில், இருபத்தாறு மங்கலாகத் தெரிந்தது.

"நீயும் பாத்தியா?"

"கண்ணு இருக்கே, டீச்சர்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"எனக்கு அது வரல." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எழுதியிருக்கணுமா, டீச்சர்?"

"நீ போம்மா" என்றாள் கமலவேணி.

பள்ளி காலியான பிறகு புதிய குடுவை எடுத்து, மிஞ்சிய கரைசலில் மீண்டும் செய்தாள். இருபத்து நாலரை. இன்னொரு முறை செய்தாள், அதன் பிறகும் ஒரு முறை. நூர்ஜஹானின் அளவேதான் வந்தது. ஒரு முறைகூட நிறம் திரும்பவில்லை.

அப்படியானால் காலையில் ஏன் திரும்பியது? குடுவை கழுவியதுதான். கரைசலும் அதேதான். வியர்வையைத் துடைக்க நெற்றியில் கை வைத்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. காலையில் குடுவையின் மேல் குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது.

கைப்பையிலிருந்த மடிப்பைப் பிரித்துக் கொஞ்சம் விபூதியைக் கரைசல் ஊற்றிய இன்னொரு குடுவையில் உதிர்த்து, அமிலம் விட்டாள். இளஞ்சிவப்பு வந்தது. மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. இன்னும் சில சொட்டு விட்டாள். மறுபடி திரும்பியது. சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அமிலத்தைத் தின்றுகொண்டிருந்தது. காலையில் குடுவை இதைத்தான் அவளிடம் சொல்லியது. அவள் காதில் வாங்கவில்லை. பயத்தில் பூசியதே பயந்ததைக் கொண்டுவந்துவிட்டது என்று நினைத்தபோது, அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ராஜரத்தினம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சூசா லா, பெரிய தொல்ல இது, டீச்சர். உங்க வேல இன்னும் நிரந்தரமாகல. ஒண்ணு செய்வோம். கரைசல் கெட்டுப்போச்சுன்னு சொல்லி எல்லாரையும் திரும்பச் செய்யச் சொல்வோம். காரணம் எதுக்கு?"

நல்ல வழிதான். அவளுக்கே ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"அப்ப வெள்ளிக்கிழம நூர்ஜஹான் எழுதினது?"

"அது போகட்டும். அவளும் மறுபடி செய்யட்டும்."

"மத்தவங்க செய்யட்டும், மாஸ்டர். பலகையில நம்பர விட்டது என் தப்பு, அதுக்கு அவங்களுக்கு முட்டை போட எனக்கு மனசு வரல. ஆனா அவ எதுக்குச் செய்யணும்? அவதான் செஞ்சிட்டாளே."

ராஜரத்தினம் பெருமூச்சு விட்டார். "சரி, தலைமையாசிரியைக்கு என்னன்னு எழுதுவீங்க? அந்தம்மா வெள்ளக்காரி. விபூதின்னு எழுதினா, கோயில் குப்பையெல்லாம் லேபுக்குள்ள வந்துடுச்சுன்னு நம்மள எல்லாரையும் சேத்துத்தான் சிரிப்பா. தூசின்னு எழுதுங்க."

"தூசி இப்படிச் செய்யாது, மாஸ்டர். யாராவது சோதிச்சுப் பாத்தா நான் பொய் சொன்னதாத்தான் தெரியும்."

அவர் கை தன்னையறியாமல் தன் நெற்றிப் பட்டைக்குப் போனது. மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கமலவேணி விபூதி என்றே ஆங்கில எழுத்தில் எழுதினாள். அது எதிலிருந்து செய்யப்படுகிறது, அமிலத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும், தன் அளவு ஏன் தவறு, ஒரு மாணவியின் அளவு ஏன் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தலைமையாசிரியை சிரித்தாரா என்று தெரியாது. கமலவேணியின் பணி நிரந்தரம் ஓராண்டு தள்ளிப்போனது. அதற்கு இதுதான் காரணம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மாணவிகளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. மறுதேர்வு எழுத வேண்டியிருந்த கோபம் வேறு. "பட்டை டீச்சர்" என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்தார்கள். ஆறாம் படிவத்துக்குப் போன பெயர்களில் நூர்ஜஹானின் பெயர் இருந்தது. ரஹீம் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. மகளை அனுப்பி வைத்தார்.

அந்தத் தேர்வுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமையும் கமலவேணி கோயிலில் சைக்கிளை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டால் இப்போதும் பதில் சொல்லத் தெரியாது. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய், வகுப்பே பார்க்க நெற்றியைக் கழுவினாள். வெள்ளையாக வழிந்த தண்ணீர் தொட்டியில் இறங்கி மறைந்தது.

"டீச்சர், இன்னிக்கு எத்தன தடவ?" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"மூணு" என்றாள் கமலவேணி. முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடுவையைக் கையில் எடுத்தாள்.