கறுவாப் பாணும் மச்சாளின் கரியரும்

என் கணவரின் அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். நல்ல மனுசி. ஆனால் செங்கலடியிலிருந்து கல்லடிக்கு எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர் கையில் ஒரு டிபன் கரியர் தொங்கும். மேல்தட்டில் சுண்டல், நடுத்தட்டில் மீன் குழம்பு, அடித்தட்டில் சோறு. வந்ததும் அதை என் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு, "தம்பிக்குப் பிடிக்குமெண்டு கொண்டந்தன் புள்ள" என்பார். நான் விடியவே எழும்பிச் சமைத்ததெல்லாம் பக்கத்தில் மூடியபடி கிடக்கும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது, அடுப்படியும் அவளுடையது. முறைப்படி பார்த்தால் அந்த மேசையில் என்ன வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவள் நான். அதை மச்சாளிடம் யார் போய்ச் சொல்வது? கணவரிடம் முறையிட்டால், "அக்கா அன்பிலதானே கொண்டாறா" என்று சொல்லிவிட்டு, அந்த அன்பை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுவார். எனக்கு வயிறு எரியும். ஒரே ஒரு நாளாவது அந்தக் கரியர் திறக்கப்படாமல் கிடக்க வேண்டும், மச்சாள் என் கையால் செய்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்கிருந்த ஆசை இது.

போன வருடம் மகளின் பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, முட்டையும் இல்லை. முட்டை போடாத கேக் ஒரு கேக்கா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள், ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு பெண் பாண், அதாவது பிரெட், செய்கிற மாவைக் குழைத்துப் பொங்கவிட்டு, விரித்து, பட்டர் பூசி, சிவப்புச் சீனியும் கறுவாப்பட்டைத் தூளும் தூவினாள். பிறகு சதுரம் சதுரமாக வெட்டி, வெற்றிலைக் கட்டைப் போல அச்சுக்குள் நிறுத்தி அடுக்கிச் சுட்டாள். வெந்தபின் கத்தி தேவையில்லை. ஒவ்வொரு மடிப்பாகப் பிய்த்துத் தின்ன வேண்டியதுதான்.

"அம்மா, எனக்கு இதுதான் வேணும்."

"அதுக்கென்ன, செய்து தாறன்" என்றேன். என் வாய் எப்போதும் அப்படித்தான், கையைக் கேட்காமலே முந்திக்கொள்ளும்.

அன்றைக்கே செய்தி செங்கலடிக்குப் போய்விட்டது. மச்சாள் போன் எடுத்தார். "பாண் கடையில வாங்குற சாமான் புள்ள. வீட்டுல ஆராவது பாண் சுடுவாங்களா? அதுக்குப் போறணை வேணும். பேசாம இரு, நான் கொழுக்கட்டை அவிச்சுக் கொண்டாறன்."

போறணை என்றால் பேக்கரிகளில் இருக்கும் பெரிய செங்கல் அடுப்பு. என்னிடம் இருந்தது மேசை மேல் வைக்கிற சின்ன மின்சார அவன் அடுப்பு. "நீங்க வந்து பாருங்க மச்சாள்" என்று சொல்லிப் போனை வைத்தேன். கொழுக்கட்டை என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது.

முதல் முறை மா பொங்கவேயில்லை. இளஞ்சூட்டுப் பாலில் ஈஸ்டைப் போட்டால் நுரைத்து வரும் என்று வீடியோக்காரி சொன்னாள். என் ஈஸ்ட் அடியில் போய்ச் சேறாகப் படிந்துவிட்டது. வரும் வரும் என்று காத்திருந்துவிட்டு, விட்டேனா பார் என்று அதையே குழைத்துச் சுட்டேன். கணவர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "தோணிக்காரன் ஆரும் கண்டா நங்கூரத்துக்குக் கேட்பான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

ஈஸ்டில்தான் பிழை என்று காத்தான்குடிக்குப் போய் வேறு ஈஸ்ட் வாங்கி வந்தேன். அதுவும் படுத்துவிட்டது. பிறகு மாவைத் திட்டினேன், அவன் அடுப்பைத் திட்டினேன், திட்ட ஆள் கிடைக்காமல் வாவியிலிருந்து வருகிற உப்புக் காற்றையும் திட்டினேன். குழைத்த மாவைக் கோழிகளுக்கு எறிந்தேன். ஒரு கோழி வந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு, தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. மச்சாள் பார்ப்பது போலவே இருந்தது.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலை, கடைசித் தரமாக அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஒரு போத்தலை எடுத்து, பாலைச் சட்டியில் ஊற்றி லேசாகச் சூடாக்கினாள். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கையில் வெந்நீர்க் கேத்தல் இருந்தது. எங்கள் வீட்டில் பால் என்றால் பால்மாதான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கட்டி விழாமல் அடித்தால்தான் அது பால். அவள் பால் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் என் கை தானாகக் கேத்தலுக்குப் போயிருக்கிறது. இளஞ்சூடு என்று அவள் சொன்னது காதில் விழாமலில்லை. ஆனால் ஆவி பறக்கத் தேத்தண்ணி குடிக்கிற வீட்டில், ஆவி கொஞ்சம் அடங்கினாலே அது இளஞ்சூடுதான்.

பால்மா கரைத்திருந்த கோப்பைக்குள் விரலை விட்டேன். சுள்ளென்றது. விரலே பொறுக்காத சூட்டில் ஈஸ்ட் எப்படிப் பொறுக்கும்? இத்தனை நாளும் நான் ஈஸ்டைப் போட்டு அவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! வெந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன்.

அந்தப் பாலை ஆறவிட்டேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரின் சூட்டுக்கு வந்தபின் சீனியும் ஈஸ்டும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே நுரை வந்தது. முதலில் ஓரத்தில், பிறகு கோப்பை முழுக்க. "வா, வா" என்று அதனிடமே சொன்னேன். குழைத்து மூடி வைத்த மா, எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம், மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. இனி மறுநாள் யார் வந்தாலும் வரட்டும் என்று இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அதே இளஞ்சூட்டுப் பாலில் புதிதாகக் குழைத்த பாண் அவன் அடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தபோது மச்சாள் வந்தார். கேற்றடியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன புள்ள இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இறைச்சி காய்ச்சிறியா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. கறுவா எங்கள் வீடுகளில் இறைச்சிக் கறிக்குப் போடுகிற சாமான். அந்த வாசம் வந்தால் சட்டிக்குள் இறைச்சி இருக்கிறது என்றுதான் அர்த்தம். மச்சாள் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்தார். பருப்பு, பூசணிக்காய், கீரை. நான் போய் அவன் அடுப்பைத் திறந்தேன். பொன்னிறமாக, அச்சுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, விளிம்பெல்லாம் சீனிப்பாகு கொதித்தபடி பாண் வெளியே வந்தது. "அட!" என்றார் மச்சாள். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

மேசையின் நடுவில் கரியர் வழக்கம் போல உட்கார்ந்திருந்தது. பாண் தட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கத்திய எடு புள்ள."

"கத்தி வேணாம் மாமி, பிய்க்கணும்" என்றாள் மகள்.

"தொட்டுக்கொள்ள என்ன? சம்பல் இடிக்கல்லயா?"

"ஒண்டும் வேணாம் மச்சாள். சும்மா தின்னுங்க."

சம்பல் இல்லாமல் பாணா என்று அவர் முகம் கேட்டது. புடவைக் கடையில் துணி பார்ப்பது போல இரண்டு விரலால் ஒரு மடிப்பைப் பிடித்து இழுத்தார். அது ஆவியோடு கழன்று வந்தது. வாயில் போட்டார். நான் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு மடிப்பைப் பிய்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணவர் கையை நீட்டியபோது அந்தக் கையில் மச்சாளின் அடி ஒன்று விழுந்தது. "பொறு தம்பி, சூடு ஆறட்டும்" என்றார் வாய் நிறையப் பாணோடு. மகள் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தாள்.

தட்டில் சீனிப்பாகு மட்டும் மிஞ்சியபோது மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புள்ள, இன்னொண்டு சுட்டிரிக்கியா?"

சுட்டிருந்தேன். இரண்டாவது அச்சு அவன் அடுப்புக்குள் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணம் முடித்த நாளில்கூட நான் அவ்வளவு சந்தோசப்படவில்லை. கரியரை அன்று யாரும் திறக்கவில்லை. பொழுது சாயும்போது மச்சாளே அதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எங்கள் ஊரில் யாரும் ஒன்றுமில்லாமல் போக மாட்டார்கள். குறைந்தது ஒரு பிஸ்கட் பக்கற்றாவது வாங்கிக்கொண்டு போவார்கள். வெறுங்கையோடு போனால் அது மரியாதைக் குறைவு. இது தெரிந்த மச்சாள் கேற்றடியில் திரும்பி நின்றார்.

"அடுத்த ஞாயிறும் வாறன் புள்ள. கரியரில்லாம கைய வீசிக்கிட்டுத்தான் வருவன், சொல்லிட்டன்."

"வாங்க மச்சாள்" என்றேன், குரலை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே ஓடிப்போய்க் கணவரின் முகத்துக்கு நேரே நின்றேன். "கேட்டீங்களா? கைய வீசிக்கிட்டு வாறாவாம்!"