முத்தாத கோவா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் வருவதற்குச் சற்று முன்னால் மூக்கு சிவந்துவிடும் என்பதை, நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "டேய், மூக்கு!" என்று முன்வரிசை வாங்கிலிருந்து பின்வரிசை வாங்குக்குச் செய்தி போகும். அடுத்த நிமிஷம் நாற்பது பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி என்னைப் பார்ப்பார்கள். யாரைத் திட்டுவது?

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அது. ஒரே அறை, தகரக் கூரை, நான் ஒருத்திதான் டீச்சர். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. நான் அட்டன் டவுனில் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். கோவா, அதுதான் முட்டைக்கோஸ், என்றால் சாக்கில் வந்து லொறியிலிருந்து இறங்கும் சாமான் என்றுதான் எனக்குத் தெரியும். அது மண்ணில் எப்படி நிற்கும் என்று அதுவரை யோசித்ததுகூட இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்த வேண்டும், செடி வளர்க்கப் பழக்க வேண்டும் என்று. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சரிவாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. நான் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படிக் கட்டுனா ஒரு மழைக்கு மண்ணு பூராவும் கீழ லயத்துக்குப் போயிருங்க டீச்சர்" என்றாள் ஒரு பெண்.

மூக்கு சிவந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. அவர்களே சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டு, பெரியவர்கள் தேயிலை மலையில் வெட்டுவது போலவே கான் வெட்டி, தண்ணீர் போக வழி செய்தார்கள். நான் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டேன். முப்பது கோவா நாற்று நட்டோம்.

மண்வேலையில் அவர்கள் எனக்கு வாத்தியார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. ஒரு கொப்பியை வாங்கி, அட்டையில் 'தோட்டக் கொப்பி' என்று எழுதி, தினம் ஒருவர் போய்ச் செடியைப் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும் என்றேன். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததையும், செய்ததையும் மட்டும் எழுத வேண்டும். முதலில் எழுதியவன், 'புழு இருந்தது. கொன்னுட்டோம்' என்று எழுதினான். சரி, அதுவும் உண்மைதானே.

பாத்தி கட்டும்போது என்னைத் திருத்தினாளே, அந்தப் பெண்ணின் முறை வந்தது. அவள் எழுதினாள்: 'புழு இலையின் ஓரத்திலிருந்து தின்கிறது. நரம்பு வந்ததும் சுற்றிக்கொண்டு போகிறது.' நான் ஓடிப்போய் இலையைப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு மற்றவர்கள் முறையையும் அவளே கெஞ்சி வாங்கி எழுத ஆரம்பித்தாள். பனி கொட்டிய காலையில் செடிகளுக்கு மேல் சாக்கு போர்த்தியதை எழுதினாள். பதினோராவது இலை உள்பக்கமாக வளைந்ததை எழுதினாள். எனக்கு அவள் மேல் தனிப் பிரியம் விழுந்துவிட்டது. ஒளிப்பானேன்?

அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்புக் கடைசியில் வரும் சோதனைப் பரீட்சையை மட்டும் எழுதிவிட்டால் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட நான் ஆயத்தமாக இருந்தேன். ஆனால் சோதனைக்கு இன்னும் ஐந்து மாதம் கிடந்தது. அதற்குள், மலையில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி அவள் வீட்டுக்கு இரண்டு தரம் வந்து, பிள்ளையின் பேரைக் கொழுந்து வேலைக்குப் பதியச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேர் பதிந்துவிட்டால் மறுநாள் காலையில் கூடையோடு மலையில் நிற்க வேண்டியதுதான். அப்புறம் பள்ளிக்கூடமாவது, கொப்பியாவது.

நான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தலையிலிருந்த கம்பளியைக்கூடக் கழற்றாமல் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவர். நான் படிப்பின் அருமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். கடைசியில் நிமிர்ந்து, சிரித்துவிட்டார்.

"டீச்சரு, எந்த நேரமும் இந்தப் புள்ள கோவா கோவான்னுதான் பேசுது. தூக்கத்துலகூட இலை எண்ணுது. சரி, ஆசைப்பட்டு வச்சிருச்சு. அந்தக் கோவா முத்தட்டும். முத்தி வெட்டுற வரைக்கும் வரட்டும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

கோவா முத்த இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சோதனைக்கு ஐந்து மாதம். கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தும், கிடைத்தவரை போதும் என்று வந்துவிட்டேன். அவளும் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த மாதம் அக்காவின் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டு அட்டனுக்குப் போனேன். போகும்போது இலைகளெல்லாம் கிண்ணம் மாதிரி உள்ளே மடியத் தொடங்கியிருந்தன. கல்யாண வீட்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் என் கோவாவைப் பற்றித்தான் பேசினேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ!

திரும்பி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்பக்கம் போனேன். முப்பது செடியிலும் நடுக்குருத்து இல்லை. இலைகள் அப்படியே விரிந்து கிடக்க, நடுவில் ஒரு மொட்டைத் தண்டு. மாடு மேய்ந்தது போலவும் இல்லை. ஒவ்வொன்றும் நகத்தால் கிள்ளிய சுத்தமான கிள்ளல்.

"யாரு?" என்று கத்தினேன். இந்தத் தடவை "மூக்கு" என்று யாரும் சொல்லவில்லை.

"நான்தாங்க டீச்சர்" என்று அவள் முன்னால் வந்தாள்.

"இது என்ன தேயிலையாடி? கொழுந்து எடுத்தியா? குருத்தைக் கிள்ளினா கோவா எங்கேயிருந்துடி வரும்?"

அடிமட்டத்தை எடுத்துக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். இரண்டு அடி. அதோடு விட்டேனா? பாவி, வாய் நிற்கவில்லை. "கொழுந்து கிள்ளுற கை வேற என்ன செய்யும்? போ, போய்ப் பேரைப் பதி. ஒனக்கு அதுதான் லாயக்கு" என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. அவள் அழவில்லை. பலகையையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வகுப்பு நடத்த மனமில்லாமல் தோட்டக் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். நான் இல்லாத நான்கு நாளும் அவள்தான் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'இன்று முப்பது செடியிலும் குருத்தைக் கிள்ளினேன். தேயிலைக் கிளைகளைக் கவாத்து வெட்டிய மலையில் நாலு மாதத்துக்குக் கொழுந்து எடுக்க முடியாது. செடி சாகாது. பிந்தித்தான் துளிர்க்கும். கோவா எவ்வளவு பிந்தும் என்று தெரியாது. பார்த்து எழுத வேண்டும்.'

கைப்பழக்கத்தில் கிள்ளிவிட்டாள் என்று நினைத்து அடித்தேனே! கோவா முத்தினால் படிப்பு முடிந்தது. அதனால் கோவாவை முத்தவிடாமல் செய்திருக்கிறாள். யாரையும் கேட்காமல், எதையும் மறைக்காமல், செய்ததை எழுதியும் வைத்திருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதேன். "டீச்சர் கண்ணும் செவக்குதுடா" என்றான் ஒருத்தன்.

பள்ளிக்கூடம் விட்டதும் லயத்துக்குப் போனேன். அவள் அம்மா என்னைக் கண்டதும், "கோவா எல்லாம் கெட்டுப் போச்சாமே? அப்ப பேரைக் குடுத்துர வேண்டியதுதான். நீங்களே சொல்லிட்டீங்களாமே" என்றார். குரலில் ஒரு வெட்டு இருந்தது. அது எனக்கு வேண்டியதுதான்.

"நான் சொன்னது தப்பு. கோபத்துல வாயில வந்ததைக் கொட்டிட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னேன்: "கோவா கெடலை. துளிர்க்கும். யாரு எழுதுறது? கொப்பி அப்படியே கிடக்கு."

துளிர்க்குமா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அம்மா என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முத்துற வரைக்கும்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். போ" என்றார் மகளிடம்.

அன்றிலிருந்து பதினைந்து நாள் நான் சாமி கும்பிட்டது கோவாவுக்காக மட்டும்தான். பதினாறாம் நாள் காலையில் அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "டீச்சர், வாங்க!" மொட்டைத் தண்டைச் சுற்றி, ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் கடுகு போல் பச்சை முளைத்திருந்தது. நாற்பது பிள்ளைகளும் நானும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். எந்தச் செடியில் எத்தனை என்று எண்ணி எழுதினாள். நாலு, ஐந்து, ஒன்றில் ஏழு. அடேயப்பா! ஒரு குருத்தை எடுத்துவிட்டால் செடி பக்கத்தில் ஒளித்து வைத்திருப்பதையெல்லாம் வெளியே அனுப்பும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பாடத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் படித்தேன்.

அன்று அவளிடம் தனியாக, "அடிச்சது வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"அடி வலிக்கலைங்க டீச்சர்" என்றாள். வலித்தது எது என்று நான் கேட்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாரங்கள் போயின. முளைகள் இலை விட்டன. இலைகள் மடியத் தொடங்கின. முஷ்டியளவு கோவாக்கள், ஒரு தண்டில் நாலைந்து. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. நான் கலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இவை அதற்குள் முத்திவிடும். ஒரு மத்தியானம், பிள்ளைகள் போன பிறகு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நானே பாத்திக்குள் இறங்கினேன். இறுக ஆரம்பித்திருந்தவற்றின் குருத்துகளைப் பிய்த்துப் போட்டேன். ஓரத்துச் செடிக்கு வருவதற்குள் யாரோ வரும் சத்தம் கேட்டு ஏறி ஓடிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து, முதுகில் வெறுங்கூடையோடு அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"கங்காணி இன்னைக்கும் கேட்டாரு. அதான், கோவா எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் கொப்பியை மூடிவிட்டு அவர் பின்னாலேயே போனேன். அவர் பாத்திக்குள் இறங்கி, ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். ஒரு தண்டைக் கையில் பிடித்து, நான் பிய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது எம்மக கை இல்லையே" என்றார். "நாரு நாராக் கிழிஞ்சிருக்கு. யாரு டீச்சரு, நீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான் விட்டு ஓடிய ஓரத்துச் செடியிடம் போனார். அதில் ஒரு கோவா நன்றாக உருண்டு, வெட்டுவதற்குக் கிட்டத்தட்ட ஆயத்தமாக நின்றது. அதன் தலையில் கையை வைத்து மெல்ல அமுக்கிப் பார்த்தார். முத்தியிருக்கிறதா இல்லையா என்று அந்தக் கைக்கா தெரியாது?

"சோதனை எப்பங்க?"

"இன்னும் மூணு வாரம்."

அவர் அந்தக் கோவாவைத் திருகி எடுத்து, முதுகுக் கூடைக்குள் போட்டார். அதன் பக்கத்தில் அப்போதுதான் மடிந்துகொண்டிருந்த சின்னக் குருத்தை இரண்டு விரலால் பிடித்து, ஒரே கிள்ளில் எடுத்து என்னிடம் காட்டினார்.

"இப்படிக் கிள்ளணும் டீச்சரு. பிய்க்கக் கூடாது" என்றார். கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டு படியேறியவர், திரும்பி நின்று சொன்னார்: "கங்காணி வந்தா, கோவா இன்னும் முத்தலைன்னு சொல்லிக்கிறேன்."