பிறந்த வீட்டுக் கோடி

அக்காவை யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த உறவுக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். வேதாரண்யத்துப் பக்கம் அது புதிதல்ல. கூப்பிடு தூரம் என்பார்கள். அந்தக் கூப்பிடு தூரத்துக்கு ராமேஸ்வரம் வரை சுற்றிப்போய், பாஸ்போர்ட், விசா காட்டிக் கப்பலேற வேண்டும்.

அவளுக்கு வயிற்றில் கட்டி, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது எங்களுக்கு அறுப்பு நேரம். குத்தகைக்காரனை நிலத்தைவிட்டு எழுப்பக்கூடாது என்று மெட்ராஸில் சட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் மிராசுதார் காதில் அது விழவேயில்லை. அப்பா நகர்ந்தால் அவர் வெளியாட்களை இறக்கி எங்கள் பயிரை அறுத்துவிடுவார். அதனால் நான் போனேன்.

கிளம்பும்போது அம்மா பைக்கு அடியில் அரக்கு நிறத்தில் ஒரு புதுப்புடவையை வைத்தாள். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள்மேல் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை போகவேண்டும். அது வராமல் உடம்பை எடுக்க மாட்டார்கள்.

"அவ உசுரோடதானேம்மா இருக்கா?"

"கப்பல் தெனமுமா ஓடுது? நீ வர்ற வரைக்கும் மாப்பிள்ளை போட்டு வச்சிருப்பாரா? கையோட கொண்டு போயி அவர்கிட்ட குடுத்துடு. அவ கண்ணுல காட்டாதே."

அம்மா அழவில்லை. நானும் அழவில்லை. எனக்கு எல்லாம் மரத்துப்போயிருந்தது.

கப்பலில் பக்கத்தில் இருந்த அம்மாள் மூன்று புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். அங்கே விற்பதற்கு. என் பையை எட்டிப் பார்த்தவர், "புதுசுன்னா சுங்கத்துல புடுங்கிடுவாங்க தம்பி. குடுங்க, இதையும் மேல சுத்திக்கிறேன். எறங்கினதும் தந்துடுறேன்" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் ஒருவர் கட்டியது கோடியாகாது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான்.

தலைமன்னாரில் சுங்க அதிகாரி புடவையை வெளியே எடுத்தார்.

"விக்கவோ?"

"இல்லீங்க. கோடி. எங்க அக்காவுக்கு."

அவர் தமிழர். முகம் மாறிவிட்டது. "எப்ப மோசம் போனவ?"

"இன்னும் உசுரு இருக்குங்க."

அவர் மடிப்புக் கலையாமல் புடவையைத் திரும்ப வைத்து, பையைத் தானே மூடித் தந்தார்.

யாழ்ப்பாணத்தில் அத்தானிடம் புடவையைக் கொடுத்தேன். அவர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அக்கா உள்ளறையில் படுத்திருந்தாள். கை குச்சியாக இருந்தது. அப்பா எப்படி இருக்கிறார், மாடு ஈன்றதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுச் சட்டென்று கேட்டாள்.

"அம்மா கோடி குடுத்து உட்டுச்சா?"

பொய் சொல்ல வரவில்லை.

"குடுத்துச்சுக்கா."

"என்ன கலரு?"

"அரக்கு."

"அரக்கு எனக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என் கையைப் பிடித்தாள். "அப்ப சரி. நான் போயிட்டேன்னு தந்தி வந்தா நீ அலையாதே தம்பி. வர வேண்டிய வேலைக்குத்தான் இப்பவே வந்துட்டியே."

"சரிக்கா" என்றேன்.