பின்பக்கம் மாலை போட்ட வண்டி

சத்தியசீலனுக்கு வயது அறுபத்தாறு. குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதமே 1964-ஆம் வருடத்துக் கோர்வேர் வண்டி ஒன்றை வாங்கினார். அமெரிக்க வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். எஞ்சின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். ரேடியேட்டர் கிடையாது. பின்மூடியில் உள்ள நீளமான துவாரங்கள் வழியாக ஒரு பெரிய விசிறி காற்றை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இருந்ததில்லை. அந்த வீட்டில் வருடக்கணக்காக வேலை செய்வதால் காதில் விழுந்தது. அவர் மனைவி புஷ்பவள்ளிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி சுங்கை பட்டாணியில் டயாலிசிஸ். கூடப் போய் வரவும், சாப்பாடு தண்ணீர் அளவு பார்க்கவும், பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் என்பதால் என்னை வைத்திருக்கிறார்கள். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா.

வண்டியின் முன் டயரில் காற்று குறைவாகவும் பின் டயரில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது சீலனுக்குத் தெரியும். தினமும் அளந்து நோட்டில் எழுதுவார். மனைவி ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தண்ணீர் குடிக்கலாம் என்று யாராவது கேட்டால் என்னைப் பார்ப்பார். "அக்கா சொல்லுவாங்க."

சென்ற வருடம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது.

"பூஜையும் அதுவுமா ஊசி, ரத்தம் எல்லாம் வேணாம்லா. வெள்ளிக்கிழமை சேத்து எடுத்துக்கலாம்" என்றார் சீலன்.

"சேத்து எடுக்க இது என்ன டியூசனா தம்பி?" என்றேன்.

புஷ்பவள்ளி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், விடு என்று. நாற்பது வருடமாக விட்டு விட்டுப் பழகிய பெண். நான் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை நாற்காலியைக் கட்டாயம் வைத்திருக்கச் சொன்னேன். பதினொரு மணி வரைதான் வைத்திருப்போம் என்றார்கள்.

அன்று மாலை அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லாரும் வண்டிக்குச் சந்தனம் வைத்து, முன்னால் மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சீலன் பின்னால் போட்டார். கையகல சாமந்தி மாலை, பின்மூடியின் குறுக்கே, அந்தத் துவாரங்களின் மேலேயே.

"எல்லாரும் விவரம் தெரியாம முன்னாடி போடுறானுங்க பாருக்கா. இதுக்கு உயிரு பின்னாடி இருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் புஷ்பவள்ளியின் கால் யானைக்கால் மாதிரி இருந்தது. இரண்டு இரவாகப் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே தூங்கினாள். உடம்பில் தேங்கிய நீர் நுரையீரலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பதினொரு மணியைத் தவறவிட்டால் அவளை ஆஸ்பத்திரியில் கிடத்தி ஆக்சிஜன் வைக்க வேண்டிவரும் என்று சீலனிடம் சொன்னேன். கிராப் டாக்சி கூப்பிடச் சொன்னேன்.

"பூஜை போட்ட வண்டி வாசல்ல நிக்குது. கிராப் எதுக்கு?"

"அந்த மாலையையாவது எடுங்க."

"மாலை காஞ்சு தானா விழணும்கா. நாம எடுக்கக் கூடாது."

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். புஷ்பவள்ளி முன்னால் வலப்பக்கம், ஸ்டியரிங் இல்லாத இடத்தில். நான் பின்னால். வழியில் பீடோங் ஊர் வருவதற்குள் என் முதுகுக்குப் பின்னால் சாமந்தி வேகும் வாசனை வந்தது. பிறகு ஏதோ அறுந்து அடிக்கிற சத்தம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"தம்பி, லைட்டு எரியுது."

"அது பழைய வயருக்கா. சும்மா எரியும்."

இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினார். வண்டி தானாகவே நின்றது, சாலையோரம் ஓர் இளநீர்க் கடைக்கு எதிரில். பின்மூடியைத் திறந்தார். மாலையின் நைலான் கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றிவிட்டிருந்தது. காற்று போகும் வழியெல்லாம் வெந்த பூ.

கடைக்காரர் வந்தார். அன்சார் என்று பெயர், முப்பது வயது இருக்கும்.

"அங்கிள், கெரெத்தா சூடாயிருச்சா? வண்டிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

அது போதும் சீலனுக்கு. "தம்பி, இதுக்குத் தண்ணியே கிடையாது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். ஆறு சிலிண்டர், படுத்த வாக்கில் இருக்கும் எஞ்சின், பெல்ட் எப்படி நிமிர்ந்து கிளம்பி மேலே படுத்துத் திரும்பி ஓடுகிறது, எல்லாம் விரல் வைத்துக் காட்டினார். பக்கத்துக் கடைக்கு ரொட்டி சானாய் வாங்க வந்த இரண்டு பேரும் பார்க்க நின்றுவிட்டார்கள். சீலனின் முகத்தில் சந்தோஷம். வண்டிக்குள் அவர் மனைவி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மணி பத்து ஐந்து.

நான் அன்சாரைத் தனியாகக் கூப்பிட்டு, கடையோரம் நின்ற வேனைக் காட்டினேன். "தம்பி, உங்க வேன் சும்மாதான் நிக்குதா? அந்தம்மாவ பதினொண்ணுக்குள்ள சுங்கை பட்டாணியில சேக்கணும். இல்லனா ஆள் தாங்காது."

அவர் சாவி எடுக்க ஓடினார். நான் திரும்பியபோது, அந்த ஒரு நிமிடத்துக்குள், சீலன் மனைவியின் கையில் ஓர் இளநீரைக் கொடுத்திருந்தார். ஸ்ட்ரா அவள் உதட்டில் இருந்தது.

பிடுங்கினேன்.

"சூட்டுக்கு நல்லதுன்னு குடுத்தேன்கா" என்றார்.

"மூணு வருசமா சொல்றேன். இளநியில பொட்டாசியம். நாலு நாளா ரத்தம் சுத்தம் பண்ணாத உடம்புக்கு இத குடுத்தா இதயம் நின்னுரும். வண்டிக்குப் புஸ்தகம் படிச்சீங்களே தம்பி, பொண்டாட்டிக்கு ஒரு பக்கம் படிச்சீங்களா?"

புஷ்பவள்ளியிடம் எவ்வளவு குடித்தாய் என்று கேட்டேன். ஒரு வாய் என்றாள். மீதியை நானே குடித்தேன், எனக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

வேனின் பின்பகுதி நிறைய இளநீர்க் குலைகள். முன் இருக்கையில் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன். நான் குலைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

"நீங்க வரலையா அங்கிள்?" என்றார் அன்சார்.

சீலன் வண்டியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "திறந்து போட்டுட்டு எப்படி வர்றது" என்றார்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு நிலையத்துக்குள் நுழைந்தோம். முதலில் ஆக்சிஜன் வைத்து, பிறகு இயந்திரத்தில் இணைத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துதான் அவள் முழு வாக்கியம் பேசினாள். அப்போது சீலனின் போன் வந்தது.

"அக்கா, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. பெல்ட்ட மாட்டிட்டேன்." பிறகுதான், "அவ எப்படி இருக்கா?"

புஷ்பவள்ளி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் வேன்லதான் வருவேன். அந்தத் தம்பிகிட்ட அக்கா பேசிட்டாங்க. சரினுட்டாரு."

"அப்ப நம்ம வண்டி?"

"அத நீங்க வச்சிக்குங்க" என்று சொல்லிப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது வாரம் மூன்று நாள் அன்சாரின் வேன் வருகிறது. அது வாசல் வரை உள்ளே வந்தால்தான் அவள் நாலு எட்டில் ஏற முடியும். கோர்வேர் நின்றால் இடமில்லை. அதனால் காலை எட்டு மணிக்குச் சீலன் வெளியே வந்து, எஞ்சினைக் கிளப்பினால் புகை அவளுக்கு ஆகாது என்று நான் சொல்லியிருப்பதால், வண்டியை நியூட்ரலில் போட்டுச் சாலைக்குத் தள்ளுகிறார். ஒரு டன்னுக்கு மேல் எடை. ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் உதவிக்கு வந்தால், எங்கே பிடிக்கக் கூடாது என்று ஐந்து நிமிடம் விளக்குகிறார். அதனால் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டு, வேன் வரும்வரை அவர் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.